ஐந்து பேர் துறையில் காலெடுத்து வைப்பவருக்கு

போன மாதம் ஒரு தம்பி கூப்பிட்டான். பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் போஸ்ட்டாக், அதாவது பி.எச்டி.க்குப் பின் செய்யும் தற்காலிக ஆராய்ச்சி வேலை. "அக்கா, ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்ல நேர்ல வரச் சொல்லியிருக்காங்க. போகட்டுமா? அங்க போனா ரிசர்ச் அவ்வளவுதான்னு எங்க புரொபசர் சொல்றார்" என்றான். ஒன்றரை மணி நேரம் பேசினேன். அடுத்த வாரமே அவன் லேபில் இருக்கும் ஒரு பெண் கூப்பிட்டு அதையே கேட்டாள். மூன்றாவது ஆள் வருவதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் வேதியியல்காரி. அமெரிக்காவின் நடுமேற்கில், சுற்றிலும் சோளக்காடு உள்ள ஒரு சின்ன ஊரில், சுமார் 1,500 மாணவர்கள் படிக்கும் காலேஜில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். துறையில் என்னையும் சேர்த்து ஐந்து பேர். மூன்று வருடம் துறைத்தலைவராகவும் குப்பை கொட்டியாயிற்று.

'லிபரல் ஆர்ட்ஸ்' என்றதும் கலைக் கல்லூரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் பெரியப்பா இன்றைக்கும் "ஆர்ட்ஸ் காலேஜில் கெமிஸ்ட்ரிக்கு என்ன வேலை?" என்றுதான் கேட்பார். இந்தக் காலேஜ்களில் இயற்பியலும் கணிதமும் தத்துவமும் இசையும் ஒரே வளாகத்தில் அக்கம்பக்கமாக இருக்கும். மாணவர் தன் முக்கியப் பாடத்தை இரண்டாம் வருடம் முடியும் தறுவாயில்தான் முடிவு செய்வார். அதுவரை எல்லா வாசலிலும் எட்டிப் பார்ப்பார். வில்லியம்ஸ் 1793-லும், ஓபர்லின் 1833-லும், கிரின்னல் 1846-லும், கார்ல்டன் 1866-லும் தொடங்கியவை. பழைய இடங்கள், சின்ன இடங்கள். இந்த வகைக் காலேஜ்களில் பெரும்பாலும் ஆயிரத்திலிருந்து மூவாயிரம் மாணவர்கள்தான். பி.எச்டி. மாணவர்கள் கிடையாது. உங்கள் லேபில் பிப்பெட் பிடிக்கப்போவது பத்தொன்பது வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளைக்குப் பாடம் எடுப்பதும், லேப் நடத்துவதும், தாள் திருத்துவதும் நீங்களேதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வருவதில் பாதி இதன் கிளைதான். உங்களை வேலைக்கு எடுக்கும்போது, மூன்றாம் வருடம் எடை போடும்போது, டென்யூர் என்கிற நிரந்தரப் பணி கொடுக்கும்போது, உங்கள் புதுக் கோர்ஸுக்கு ஓட்டுப் போடும்போது, அந்த மேசையைச் சுற்றி உங்கள் பாடம் தெரியாதவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நாடகத்துறைக்காரர் ஒருவர், வரலாற்றுக்காரர் ஒருவர், பொருளாதாரம் ஒருவர். அவர்களுக்கு விளங்கும்படி பேசவும் எழுதவும் பழகிக்கொள்ள வேண்டும். பெரிய இடத்தில் ஆறு வருடம் படித்துவிட்டு வருபவர்களுக்கு இது லேசில் வராது. எனக்கும் வரவில்லை.

விண்ணப்பம், பிறகு அந்த இரண்டு நாள்

எங்கள் பாடத்தில் விளம்பரங்கள் கோடை முடிந்து இலையுதிர் காலம் தொடங்கும்போது வரும். பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதத்திலேயே பெயரை மாற்றி அனுப்புகிறவர்கள் ஏராளம். தேர்வுக் கமிட்டியில் நான்கு முறை உட்கார்ந்திருக்கிறேன். முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். "என் கிராஜுவேட் மாணவர்களோடு சேர்ந்து" என்று ஒருவர் எழுதியிருந்தார். இல்லாத மாணவர்களோடு என்ன செய்வார் பாவம்.

கடிதம் எழுதும் முன் அந்தக் காலேஜின் பாடத்திட்டப் புத்தகத்தை இணையத்தில் எடுத்து வைத்துப் படியுங்கள். துறையில் எத்தனை பேர், யார் என்ன நடத்துகிறார், எந்தக் கோர்ஸ் இரண்டு வருடமாக யாரும் எடுக்காமல் கிடக்கிறது என்று பாருங்கள். ஐந்து பேர் துறையில் ஒருவர் ஓய்வு பெற்றால் ஒரு கிளையே போய்விடும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் உங்களைத் தேடுகிறார்கள். "முதலாண்டுப் பொது வேதியியலும் உங்கள் அனலிட்டிக்கல் கோர்ஸும் எடுப்பேன், அதன் லேபை இப்படி மாற்றிப் பார்க்க ஆசை" என்று இரண்டு வரி எழுதினாலே நூறு கடிதங்களில் உங்கள் கடிதம் மேலே வந்துவிடும்.

காலண்டரையும் பாருங்கள். கொலராடோ காலேஜில் 1970 முதல் பிளாக் முறை: மாணவர் ஒரு நேரத்தில் ஒரே கோர்ஸ்தான் படிப்பார், மூன்றரை வாரத்தில் அது முடிந்துவிடும். கார்ல்டனில் பத்து வாரம் கொண்ட மூன்று பருவங்கள். ரீட் காலேஜில் கடைசி வருடம் ஒவ்வொரு மாணவரும் ஆய்வேடு எழுத வேண்டும், அத்தனையையும் வழிநடத்துவது அந்தத் துறைக்காரர்கள். ஸ்வார்த்மோரில் 1922-லிருந்து ஹானர்ஸ் மாணவர்களை வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள் கேள்வி கேட்கிறார்கள். இது தெரியாமல் போய் "உங்கள் செமஸ்டர் எப்போது தொடங்கும்?" என்று பருவமுறைக் காலேஜில் கேட்டால் எதிரில் இருப்பவர் முகம் மாறும்.

நேரில் போகும்போது ஒன்றரை, இரண்டு நாள் வைத்திருப்பார்கள். ஆராய்ச்சிப் பேச்சு ஒன்று, மாதிரி வகுப்பு ஒன்று, டீனோடு அரை மணி, மாணவர்களோடு மதியச் சாப்பாடு. ஆராய்ச்சிப் பேச்சும்கூட இளநிலை மாணவர்களுக்குத்தான். மாணவர்களோடு சாப்பிடுவதை இளைப்பாறும் நேரம் என்று எண்ணிவிடாதீர்கள். அவர்கள் எழுதிக் கொடுக்கும் கருத்து கமிட்டிக்கு வரும். "அவர் எங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை" என்று நான்கு பேர் எழுதினால் நல்ல ஆளும் கவிழ்ந்துவிடுவார். பார்த்திருக்கிறேன்.

என் மாதிரி வகுப்பு பஃபர் கரைசல்கள் பற்றியது. இருபது மாணவர்கள், பின்வரிசையில் கமிட்டி. கமிட்டியில் தத்துவத்துறையிலிருந்து ஒரு மூத்த பேராசிரியை. பத்தாவது நிமிடம் கையைத் தூக்கினார். "பி.எச். ஏழு என்கிறீர்களே, எதில் ஏழு? ஏழு கிராமா, ஏழு துளியா?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஹைட்ரஜன் அயனிச் செறிவின் எதிர்க்குறி மடக்கை என்று ஒப்பித்தேன். அவர் தலையாட்டினார், விளங்காதவர்கள் ஆட்டும் ஆட்டம். நல்லவேளை, நின்றேன். சாக்பீஸை எடுத்து வரிசையாக ஏழு படி வரைந்தேன். "ஒவ்வொரு படி கீழே இறங்கும்போதும் அமிலம் பத்து மடங்கு கூடும். ஏழிலிருந்து நாலுக்கு வந்தால் எத்தனை மடங்கு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மனதுக்குள் எட்டு வரை எண்ணியிருப்பேன். முன்வரிசைப் பையன் ஒருவன் "ஆயிரமா?" என்றான், கேள்வியாகவே. எனக்கு ஓட்டுப் போட வைத்தது அந்த எட்டு நொடி மௌனம்தான் என்று அந்தப் பேராசிரியை இரண்டு வருடம் கழித்துச் சொன்னார். மாதிரி வகுப்பில் ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருங்கள். ஐம்பது நிமிடத்தில் ஐந்து விஷயத்தை ஊட்டப் பார்ப்பவர் தோற்றுவிடுகிறார்.

கையெழுத்துக்கு முன்

சம்பளத்தைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். லேபை எப்படி எண்ணுகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

வேலைப்பளுவை 'மூன்று-இரண்டு' என்பார்கள், அதாவது ஒரு செமஸ்டரில் மூன்று கோர்ஸ், அடுத்ததில் இரண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். வேதியியலில் ஒரு கோர்ஸ் என்றால் வாரத்துக்கு மூன்று வகுப்பும் மூன்று மணி நேர லேபும். அந்த லேப் சில காலேஜில் முழு கோர்ஸாக எண்ணப்படும், சிலவற்றில் பாதியாக, சிலவற்றில் உங்கள் தலையில் இனாமாக. வரலாற்றுத்துறை நண்பர் வாரத்துக்கு ஒன்பது மணி நேரம் வகுப்பில் நிற்கும்போது நீங்கள் பதினெட்டு மணி நேரம் நிற்பீர்கள். காகிதத்தில் இருவருக்கும் ஒரே சுமை. வேதியியல்காரர்களுக்கு ஒரு பிடி உண்டு: அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டியின் அங்கீகாரம் பெற்ற துறையென்றால், அதன் வழிகாட்டு நெறிகளின்படி ஓர் ஆசிரியருக்கு வகுப்பும் லேபும் சேர்த்து வாரம் 15 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. டீனிடம் பேசும்போது இதைப் பணிவாக நினைவூட்டலாம்.

லேபை அமைத்துக்கொள்ளத் தரும் ஸ்டார்ட்-அப் பணம் பல்கலைக்கழகம் கொடுப்பதில் சிறு பங்குதான் இருக்கும். பட்டியல் கேட்டால் கருவி கருவியாக, விலையோடு கொடுங்கள். டென்யூருக்கு முன் ஒரு செமஸ்டர் ஆராய்ச்சி விடுப்பு உண்டா, கோடையில் மாணவருக்குச் சம்பளம் யார் தருவார், எத்தனை மாணவருக்கு நீங்கள் ஆலோசகர், எல்லாவற்றையும் கேட்டு மின்னஞ்சலில் எழுத்தாக வாங்குங்கள். வாய்வார்த்தை கொடுத்த டீன் அடுத்த வருடம் வேறு காலேஜுக்குத் தலைவராகப் போய்விடுவார்.

நம்மவர்களுக்கு விசா தனிக்கதை. லாப நோக்கில்லாத காலேஜ்களுக்கு எச்-1பி குலுக்கல் கிடையாது, வருடம் முழுக்க மனுப் போடலாம். கிரீன் கார்டுக்கான தொழிலாளர் சான்றிதழில் கல்லூரி ஆசிரியர்களுக்கென்று தனி வழி இருக்கிறது. மற்ற வேலைகளில் குறைந்தபட்சத் தகுதியுள்ள அமெரிக்கர் ஒருவர் கிடைத்தாலே உங்கள் மனு விழுந்துவிடும். இந்த வழியில் விண்ணப்பித்தவர்களில் நீங்கள்தான் கூடுதல் தகுதியுள்ளவர் என்று காட்டினால் போதும். ஆனால் உங்களைத் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து 18 மாதத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். சின்னக் காலேஜில் இதற்கென்று ஆளே இருக்க மாட்டார். மனிதவளத்துறையில் மூன்று பேர் இருந்தால் அதிகம். "முதல் வருடம் முடியட்டும், பார்க்கலாம்" என்பார்கள். விடாதீர்கள். தேதியைக் காலண்டரில் நீங்களே குறித்து வைத்துக்கொண்டு, முதல் செமஸ்டரிலேயே கேளுங்கள்.

முதல் வருடம்

துறையில் முதலில் நட்பாக வேண்டியது அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடமும் ஸ்டாக்ரூம் பொறுப்பாளரிடமும். எந்தப் படிவம் யார் கையெழுத்துக்குப் போகும், டீன் அலுவலகம் எந்தக் கிழமை பில் பாஸ் செய்யும், எந்தத் தராசு பொய் சொல்லும் என்பதெல்லாம் அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். துறைத்தலைவருக்குக்கூடத் தெரியாது. இங்கே துறைத்தலைவர் பதவி நம்மூர் எச்.ஓ.டி. நாற்காலி மாதிரி இல்லை. மூன்று வருடத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துச் சுற்றிவரும். யாரும் ஆசைப்பட்டு உட்காருவதில்லை.

துறைக் கூட்டத்தில் முதல் சில மாதம் காதைத் திறந்து வைத்துக்கொண்டு வாயைக் கட்டுங்கள். நான் சேர்ந்த புதிதில் ஆர்கானிக் கோர்ஸை இலையுதிர் பருவத்தில் வைப்பதா, வசந்தத்தில் வைப்பதா என்று இரண்டு மூத்தவர்கள் மூன்று கூட்டமாக மோதிக்கொண்டார்கள். நான் புத்திசாலித்தனமாக ஒரு யோசனை சொன்னேன். இருவரும் சேர்ந்து என்மேல் பாய்ந்தார்கள். அந்தச் சண்டைக்கும் கோர்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. பத்து வருடத்துக்கு முன் ஒருவருடைய ஆராய்ச்சி அறையை இன்னொருவருக்குக் கொடுத்த மனவருத்தம் அது என்று ஸ்டாக்ரூமில்தான் தெரிந்துகொண்டேன். ஐந்து பேர் துறையில் இருபது வருடம் ஒன்றாக இருப்பவர்களுக்குள் இப்படி ஏதாவது புதைந்திருக்கும். "இது ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்கலாம். "நான் படித்த இடத்தில் இப்படிச் செய்வோம்" என்று தொடங்கும் வாக்கியத்தை ஒரு வருடத்துக்குப் பூட்டி வையுங்கள்.

கமிட்டிகள் தானாகத் தேடி வரும். நூற்றைம்பது ஆசிரியர்கள்தான் இருக்கிறார்கள், இருபது கமிட்டி இருக்கிறது, கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். அதிலும் நீங்கள் வெளிநாட்டவர், பெண், சிறுபான்மை என்றால் எல்லாக் கமிட்டிக்கும் உங்கள் முகம் வேண்டியிருக்கும். மறுப்பதற்கு எனக்கு ஒரு மூத்தவர் சொல்லிக் கொடுத்த வாக்கியம்: "துறைத்தலைவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்." அவரிடம் உண்மையிலேயே போய்க் கேளுங்கள். உங்களுக்காக 'முடியாது' சொல்வது அவர் வேலை. நான் தலைவராக இருந்தபோது மகிழ்ச்சியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

ஒரே வருடத்தில் மூன்று புதுக் கோர்ஸ் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு புதுக் கோர்ஸில், ஒரு மணி நேர வகுப்புக்கு எனக்கு ஐந்து மணி நேரத் தயாரிப்பு பிடித்தது. ஒரே கோர்ஸை இரண்டு பிரிவாக எடுப்பது எவ்வளவோ மேல்.

மாணவர் பெயர்களை இரண்டாவது வாரத்துக்குள் மனப்பாடம் செய்துவிடுங்கள். இங்கே இது மரியாதைக் கணக்கு. புகைப்படத்தோடு வருகைப் பட்டியல் கிடைக்கும். ஊர் சின்னது, சனிக்கிழமை காய்கறிக் கடையில் நீங்கள் ஃபெயில் போட்ட பையன்தான் பில் போடுவான். அவனைப் பெயர் சொல்லி விசாரித்தால் திங்கட்கிழமை ஆபீஸ் ஹவர்ஸுக்கு வருவான்.

பெற்றோரிடமிருந்து மின்னஞ்சல் வரும், "என் மகளுக்கு ஏன் சி?" என்று. நம் வளர்ப்புக்கு உடனே பதில் எழுதக் கை துடிக்கும். எழுதக் கூடாது. 1974-ல் வந்த ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்தபின் மதிப்பெண் விவரத்தின் உரிமை மாணவருடையது. சில விதிவிலக்குகள் உண்டு. அதையெல்லாம் பார்ப்பது ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தின் வேலை. அவர்களுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருங்கள். மாற்றுத்திறன் அலுவலகத்திலிருந்து ஒரு மாணவருக்குத் தேர்வில் கூடுதல் நேரம் கொடுக்கச் சொல்லிக் கடிதம் வந்தால், என்ன குறை என்று அந்த மாணவரிடம் துருவாமல் கொடுத்துவிட வேண்டும்.

பத்து வாரத்தில் முடிகிற ஆராய்ச்சி

'ரிசர்ச் அவ்வளவுதான்' என்று அந்தத் தம்பியின் புரொபசர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. போஸ்ட்டாக்கில் செய்த ஆராய்ச்சியை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்தால் அது செத்துத்தான் போகும். எங்கள் ஆராய்ச்சி கோடையில் பத்து வாரம் மூச்சாக நடக்கும், மற்ற நாளில் வாரத்துக்கு ஆறேழு மணி நேரம் நகரும். அதற்கேற்ற கேள்வியாக எடுத்துக்கொள்ள வேண்டும்: இரண்டாம் வருட மாணவி மூன்றாவது வாரத்துக்குள் ஏதாவது ஒரு எண்ணைக் கையில் பிடிக்க முடிய வேண்டும், போட்டி லேபில் பத்து பேர் ஓடிக்கொண்டிருக்கும் ஓட்டப்பந்தயமாக இருக்கக் கூடாது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையில் இளநிலைக் கல்லூரிகளுக்கென்றே 'ரூயி' என்ற நிதி வழி இருக்கிறது. அங்கே மாணவர்கள் என்ன கற்பார்கள் என்று தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கங்களைக் கடைசி இரவில் எழுதாதீர்கள்.

என் பெரிய சறுக்கல் நான்காம் வருடம். ஒரு லிகண்டை (உலோக அயனியைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு) செய்வதில் ஒரு மாணவிக்கு அபாரக் கைராசி. இரண்டு வருடம் அவள்தான் செய்து கொடுத்தாள். மே மாதம் பட்டம் வாங்கிப் போய்விட்டாள். ஜூனில் புதுப் பையன் அவள் நோட்டைப் பிரித்தால், முக்கியமான படியில் 'முன்பு போலவே' என்று இருக்கிறது. எந்த முன்பு? ஜூலை முழுக்க அந்த ஒரு சொற்றொடரைத் தேடி நானும் அவனும் லேபில் கிடந்தோம். ஈரத்தை உறிஞ்சும் மோலிக்யூலர் சீவை முதல் நாளே அடுப்பில் உலர்த்தி வைத்திருக்கிறாள், அவ்வளவுதான் ரகசியம். அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்தேன். கிளம்பப்போகும் மாணவரின் நோட்டை வைத்துக்கொண்டு புதியவர் முழுதாக ஒரு முறை செய்ய வேண்டும். பழையவர் பக்கத்து ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பேசக் கூடாது. புதியவர் திகைத்து நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் நோட்டில் ஒரு வரி கூடும். முதல் தடவை பதினொரு வரி கூடியது.

மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் எங்கள் என்.எம்.ஆர். கருவிக்கு டெக்னீஷியன் கிடையாது. வாரா வாரம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றுவது நான். முகக்கவசம், கையுறை, அறைக் கதவு திறந்திருக்க வேண்டும், தனியாகச் செய்யக் கூடாது. அதனால் கூட ஒரு மாணவர். குழாயின் முனையிலிருந்து வெள்ளைப் புகை தரையில் இறங்கி ஷூவைத் தொடும்போது எல்லாரும் ஒரு முறை காலைத் தூக்குவார்கள். இந்த முக்கால் மணி நேரம் எந்தக் கணக்கிலும் வராது. ஆண்டறிக்கையில் இப்படிப்பட்ட வேலைகளை மணிக்கணக்கோடு எழுதுங்கள். எழுதாவிட்டால் கருவி தானாகவே குளிர்ந்துகொள்கிறது என்று டீன் நினைத்துக்கொள்வார்.

ஃபேகல்டி மீட்டிங்

மாதம் ஒரு முறை எல்லாத் துறையும் ஒரே கூடத்தில் கூடும். ஹென்றி ராபர்ட் என்ற ராணுவப் பொறியாளர் 1876-ல் எழுதிய கூட்டவிதிகள்தான் இன்றும் ஆட்சி. திருத்தத்துக்குத் திருத்தம், அதற்கு ஓட்டு. இப்படிக் கமிட்டிகளில் உட்கார்ந்து முடிவெடுப்பதால் தனியார் கல்லூரிப் பேராசிரியர்கள் நிர்வாகிகள் போன்றவர்கள் என்று யெஷீவா பல்கலைக்கழக வழக்கில் 1980-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது; அதனால் சங்கம் வைக்கும் சட்டப் பாதுகாப்பும் போயிற்று. நிர்வாகி என்ற பட்டம்தான் மிச்சம், பார்க்கிங் இடம்கூடத் தனியாகத் தரவில்லை.

மூன்றாம் வருடம் சுற்றுச்சூழல் பகுப்பாய்வு பற்றி ஒரு புதுக் கோர்ஸைப் பாடத்திட்டக் கமிட்டிக்கு அனுப்பினேன். ஒன்பது பக்கம், லேப் பட்டியலோடு. திரும்பி வந்துவிட்டது. நிலவியல்காரர் "எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். அவர் மாணவர்களைத்தான் நான் இழுக்கப் போகிறேனாம். வரலாற்றுக்காரர் கேட்டதுதான் சரியான கேள்வி: "நீங்கள் இதை எடுத்தால், இப்போது எடுப்பதில் எதை நிறுத்துவீர்கள்?" ஒன்பது பக்கத்தில் அதற்குப் பதிலே இல்லை. மறுவருடம் ஒரே பக்கமாகச் சுருக்கி, நிலவியலுக்கும் உயிரியலுக்கும் முன்கூட்டியே காபிக்குப் போய், எந்தக் கோர்ஸ் எந்த வருடம் ஓய்வெடுக்கும் என்று அட்டவணை போட்டேன். மூன்று நிமிடத்தில் நிறைவேறியது. கூட்டத்தில் வைப்பது கடைசிப் படி; அதற்கு முன்பே வராந்தாவில் முடிந்திருக்க வேண்டும்.

டென்யூர் கோப்பு

அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் 1940-ல் வெளியிட்ட கோட்பாட்டறிக்கைப்படி சோதனைக்காலம் ஏழு வருடத்தைத் தாண்டக் கூடாது. அதனால் பெரும்பாலான இடங்களில் ஆறாம் வருடம் கோப்பு போகும். கிடைக்காவிட்டால் ஏழாம் வருடம் வேலை தேடிக்கொள்ள அவகாசம். சேர்ந்த அன்றே ஒரு பெட்டி வையுங்கள், அட்டைப்பெட்டியோ கணினியில் ஒரு ஃபோல்டரோ. மாணவர் எழுதிய நன்றிக் கடிதம், மாற்றிய சிலபஸின் பழைய வடிவம், மாநாட்டில் மாணவி வைத்த போஸ்டர், நிராகரிக்கப்பட்ட நிதி விண்ணப்பத்துக்கு வந்த நல்ல விமர்சனம், எல்லாம் அதில் விழட்டும். காலேஜின் ஃபேகல்டி ஹேண்ட்புக்கில் டென்யூர் பற்றிய பக்கங்களை வருடத்துக்கு ஒரு முறை படியுங்கள். அதில் 'கற்பித்தல்' முதலில் வருகிறதென்றால் அது தற்செயல் இல்லை.

மாணவர் மதிப்பீட்டுப் படிவங்கள் வந்த அன்று திறக்காதீர்கள். ஒரு வாரம் ஆறப்போடுங்கள். "உச்சரிப்பு புரியவில்லை" என்று வருடத்துக்கு ஒருவர் எழுதுவார். அதற்கு மருந்து, மூத்தவர்களைக் கூப்பிட்டு வகுப்பில் உட்கார வைத்து அவர்கள் பார்த்ததை எழுத்தில் வாங்குவது. ஐந்தாம் வருடம் வரை காத்திராமல் இரண்டாம் வருடமே கூப்பிடுங்கள்.

கோப்பின் உயிர் நீங்கள் எழுதும் தன்விளக்கம்தான். என் முதல் வரைவை நாடகத்துறை நண்பரிடம் ஒரு பென்சிலோடு கொடுத்தேன், "எங்கே உங்களுக்குக் கவனம் கலைகிறதோ அங்கே கோடு போடுங்கள்" என்று. இரண்டாவது வாக்கியத்தில் கோடு. அது இப்படி இருந்தது: "பல்பற்று லிகண்டுகளின் தெரிவுத்திறனை d¹⁰ அயனிகளுக்கும் p-தொகுதி அயனிகளுக்கும் இடையே ஒப்பிடுகிறோம்." திருத்திய பின்: "குடிநீரில் ஈயம் கலந்திருந்தால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் மூலக்கூறுகளை என் மாணவர்கள் செய்கிறார்கள். துத்தநாகம் இருந்தாலும் நிறம் மாறிவிடுகிறது என்பதுதான் எங்கள் தலைவலி." நண்பர் அதைப் படித்துவிட்டு, "துத்தநாகத்தை எப்படி ஏமாற்றப் போகிறீர்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி வந்ததும்தான் மூன்றாவது வாக்கியம் என்னவென்று எனக்கே தெரிந்தது. பாடம் தெரிந்தவர்களுக்கு வெளி மதிப்பீட்டாளர் கடிதங்கள் இருக்கின்றன; உங்கள் எழுத்து அந்த நாடகக்காரருக்கு.

துணைவருக்கு அந்த ஊரில் வேலை கிடைக்குமா என்பதை இன்டர்வியூவின்போது கேட்கக் கூச்சமாக இருக்கும். வேலையைக் கொடுத்தபின், கையெழுத்துக்கு முன் கேளுங்கள். சின்னக் காலேஜால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அதை அப்போதே தெரிந்துகொள்வது நல்லது. எங்கள் வீட்டில் இதற்கு ஐந்து வருடம் இரண்டு ஊர், இரண்டு வாடகை.

தம்பி நேற்று மறுபடி கூப்பிட்டான். வியாழக்கிழமை போகிறானாம். மாதிரி வகுப்புக்கு என்ன தலைப்பு என்று கேட்டேன், சொன்னான். அதை ஒரு தத்துவப் பேராசிரியையிடம் சொல்வதாக நினைத்து என்னிடம் சொல்லச் சொன்னேன். இருபது நிமிடம் திணறினான், இருபத்தொன்றாவது நிமிடம் பரவாயில்லை. கடைசியில், "ஷூ புதுசா வாங்கணுமாக்கா?" என்றான். பழசே போட்டுக்கொண்டு போ, ஒரு நாளில் எட்டுக் கட்டடம் நடக்க வைப்பார்கள் என்றேன்.